இல்லத்தில் பெரிய மீன்தொட்டி: சிக்லிட் மீன்களுக்கு வேண்டிய சாதனங்களும் நீரை வடிகட்டும் முறையும்

நீர்வாழ் உயிர்களைக் கண்ணாடிக்குப் பின்னே வைத்துக் கண்டு மகிழும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கென ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. பம்பாயில் தாராப்பூர்வாலா மீன் காட்சிசாலை 1951-இல் திறக்கப்பெற்றது. காட்சிசாலையில் கண்ட மீன்களைத் தம் இல்லத்திலும் வளர்க்க விரும்புவோர் நாளடைவில் பெருகினர். இன்று சென்னையை அடுத்த கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. 2006-ஆம் ஆண்டில் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டபோது அதற்குத் தலைமையிடமாக அமைந்த ஹைதராபாத் நகரிலும், வரவேற்பறையில் ஆறடி நீளத் தொட்டி வைத்திருக்கும் இல்லங்களைக் காண்பது இப்பொழுது அரிதன்று.

ஆயினும் இத்தகைய தொட்டிகளிற் பல, மூன்று மாதங்கள் நிறையுமுன் வெறுமையாகி விடுகின்றன. தொட்டி வாங்கிய மறுநாளே மீன்கள் விடப்படுகின்றன. இரண்டு வாரங்களுக்குள் அவை ஒவ்வொன்றாக மேலே மிதக்கின்றன. வீட்டார் அதனை நோய் என்றும், கடைக்காரர் நீரின் குறை என்றும் கூறுவர். உண்மையில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் முன்னதாகச் செய்திருக்க வேண்டிய சில கணக்குகள் செய்யப்படாமையே ஆகும். அக்கணக்குகள் கடினமானவை அல்ல. அவற்றை ஹைதராபாத்தில் அமைக்கப்படும் ஒரு பெரிய தொட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்லிட் குடும்பம்

சிக்லிட் என்பது 1,600-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய மீன் குடும்பம். தென் அமெரிக்காவின் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் ஆகியனவும், ஆப்பிரிக்காவின் மலாவி, தாங்கனீக்கா ஏரிகளில் வாழும் பல நூறு வண்ண மீன்களும், நாம் உணவாகக் கொள்ளும் திலேப்பியாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. முட்டையையும் குஞ்சுகளையும் பேணிக் காத்தல் இவற்றின் சிறப்பியல்பு. தம் எல்லைக்குள் பிற மீன் நுழையின் விரட்டித் தாக்குவதும், மணலைத் தோண்டிக் குழி பறிப்பதும் இவற்றின் இயல்புகளாம். மிகுதியாக உண்பதால் இவை மிகுதியாகக் கழிவும் விடுகின்றன. சாதனங்களைத் தேர்ந்தெடுக்கையில் இம்மூன்று இயல்புகளையும் மறத்தலாகாது.

சிக்லிட் மீன்கள் வெளிநாட்டினவே என்று பலர் எண்ணுகின்றனர். இந்தியாவிற்குரிய இனங்கள் மூன்று உண்டு. அவற்றுள் பெரியது கேரளத்தார் கரிமீன் என விரும்பி உண்ணும் பச்சைக் குரோமைடு. இது பொதுவாக 20 செண்டிமீட்டர் வரை வளரும். கேரள அரசு 2010-இல் இதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது. இரண்டாவது, கேரளத்தில் பல்லத்தி எனப்படும் செம்மஞ்சள் குரோமைடு. இதன் நீளம் 8 செண்டிமீட்டர் அளவே. மூன்றாவது இனம் கர்நாடகத்தின் தென்கன்னட ஆறுகளில் மட்டும் காணப்படுவது.

முதல் இரண்டு இனங்களுக்கும் இடையே உள்ள உறவு விஞ்ஞானிகளைக் கவர்ந்த ஒன்று. இளம் பல்லத்திகள் கரிமீனின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று அதனைத் தூய்மை செய்கின்றன. பல்லத்திக் குஞ்சுகளோ தம் பெற்றோரின் தோலில் ஊறும் கோழையைக் கொத்தி உண்கின்றன. இவ்விரு இனங்களும் உப்பங்கழியில் வாழ்வன எனினும் நன்னீரிலும் வாழ வல்லவை. தாதுப்பொருள் மிகுந்த கடின நீரில் நலமாக இருப்பவை. ஹைதராபாத்தின் நீருக்கு இவை ஏற்றவை என்பது அடுத்த பகுதியிற் புலனாகும்.

நகரின் நீரும் வெப்பமும்

1908-ஆம் ஆண்டில் மூசி நதியில் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின்னர் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் இரு நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட்டன. நகரம் வளர வளர மஞ்சீரா நதியிலிருந்தும், பின்னர் கிருஷ்ணா, கோதாவரி நதிகளிலிருந்தும் நீர் கொணரப்பட்டது. குழாயில் வரும் இந்நீரில் நோய்க் கிருமிகளை ஒழிப்பதற்காகக் குளோரின் கலக்கப்படுகிறது. குழாய் நீர் போதாத இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் பயன்படுகின்றன. நகரம் பழைமையான கருங்கற் பாறைமீது அமைந்துள்ளது. அப்பாறைப் பிளவுகளிலிருந்து எடுக்கப்படும் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாகவும் காரத்தன்மை உடையதாகவும் இருக்கிறது.

அமேசான் நதியின் மென்னீருக்கும் அமிலத்தன்மைக்கும் பழகிய டிஸ்கஸ் போன்ற மீன்களுக்கு இந்நீர் உகந்ததன்று. அவற்றுக்காக நீரை ஓயாது மாற்றியமைக்க வேண்டும். கரிமீன், பல்லத்தி, மலாவி ஏரி மீன்கள் ஆகியவை காரத்தன்மையுள்ள நீரையே விரும்புவன. ஆதலின் வீட்டிற்கு வரும் நீரை முதலிற் சோதித்து, அந்நீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. மீனை முதலில் வாங்கிவிட்டு நீரைத் திருத்த முயல்வது வீண் செலவிற்கு வழியாகும்.

குடிநீருக்காக வீடுகளில் வைக்கப்படும் எதிர்ச் சவ்வூடு இயந்திரத்தின் நீர் மிகத் தூயது என்று கருதி, அதனையே தொட்டியில் நிரப்புவோர் உளர். அந்நீரில் தாதுப்பொருள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்யும்போது நீரின் காரப்பொருளைச் செலவழிக்கின்றன. காரப்பொருள் தீர்ந்துவிடின் நீர் திடீரென அமிலத்தன்மை அடைந்து, நுண்ணுயிர்களும் செயலற்றுப் போகும். ஆகவே சிக்லிட் தொட்டிக்கு அந்நீரைத் தனியே பயன்படுத்துதல் கூடாது.

தொட்டியின் அளவும் எடையும்

எல்லைக்காகச் சண்டையிடும் மீன்களுக்கு ஆழத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி ஒரு பெரிய இல்லத் தொட்டிக்கு நல்ல அளவாகும். இதன் கொள்ளளவு 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர். மேலே விடும் இடைவெளியையும் கல், மணல் அடைக்கும் இடத்தையும் கழித்தால் 570 லிட்டர் அளவு நீர் நிற்கும். கணக்கிற்கு எளிதாக இதனை 600 லிட்டர் என்று கொள்வோம்.

எடையை இனிப் பார்க்கலாம். நீர் 570 கிலோ; 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி சற்றேறக்குறைய 120 கிலோ; இரண்டங்குல மணல் 85 கிலோ; கற்கள் 60 கிலோ; தாங்கியும் அதனுள் வைக்கும் வடிகட்டித் தொட்டியும் சேரின் மொத்தம் ஒரு டன் அளவாகிறது. இவ்வளவும் தாங்கியின் அடியிலுள்ள 12 சதுர அடிப் பரப்பின்மேல் நிற்கிறது. அதாவது ஒரு சதுர மீட்டரில் 900 கிலோ. குடியிருப்புக் கட்டடங்களின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நகரும் சுமையைத் தாங்குமாறு கணக்கிடப்படுவதே இந்தியத் தர நிர்ணயத்தின்படி வழக்கம். அந்த அளவு அறை முழுவதற்கும் உரிய சராசரியாதலால், ஒரு மூலையில் சற்று மிகுந்த சுமை உடனே தளத்தை உடைத்துவிடும் என்பதில்லை. எனினும் மாடி வீட்டில் இருப்போர் உத்தரத்தின் மேலாகச் சுவரையொட்டித் தொட்டியை அமைப்பதும், கட்டடப் பொறியாளரைக் கலந்தறிவதும் இன்றியமையாதவை. தரைத் தளமாயின் இக்கவலை குறைவு.

முன்புறக் கண்ணாடியின்மீது நீர் செலுத்தும் விசையும் சிறிதன்று. மேற்பரப்பில் அழுத்தம் ஏதுமில்லை. அடியிலோ சதுர மீட்டருக்கு 600 கிலோ. சராசரி 300 கிலோ எனக் கொண்டால், முன்புறக் கண்ணாடி முழுவதன்மீதும் 300 கிலோவுக்குக் குறையாத விசை இடைவிடாது தள்ளிக்கொண்டிருக்கிறது. மெல்லிய கண்ணாடியும், மேடுபள்ளமான தாங்கியும் ஏன் ஆபத்து விளைவிக்கும் என்பது இதனால் விளங்கும். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையே தெர்மக்கோல் பலகை ஒன்றை விரிப்பது சிறு மேடுகளால் வரும் விரிசலைத் தடுக்கும். பாறைகளை மணலின்மேல் அடுக்கலாகாது. தொட்டியின் அடிப்பலகையிலேயே அவற்றை நிலைநிறுத்திய பின்னர் மணலைப் பரப்ப வேண்டும். இல்லையேல் மீன் மணலைத் தோண்டும்போது பாறை சரிந்து கண்ணாடியை உடைக்கக்கூடும்.

வடிகட்டியின் உண்மையான வேலை

வடிகட்டி என்றதும் கலங்கல் நீரைத் தெளிவாக்கும் சாதனம் என்றே பலரும் கருதுகின்றனர். தெளிந்த நீரிலும் மீன் இறக்கும். மீனின் செவுள் வழியாகவும், மிஞ்சிய உணவும் கழிவும் அழுகுவதாலும், அம்மோனியா என்னும் நஞ்சு நீரிற் கலந்துகொண்டே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அதனை மாற்றியமைப்பதே வடிகட்டியின் முதன்மையான வேலை. அவ்வேலையைச் செய்வது இயந்திரம் அன்று, நுண்ணுயிர்கள்.

ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவ்விரண்டு படிகளையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பதை 1890-ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி நிலைநாட்டினார். இரண்டையும் ஒரே நுண்ணுயிர் செய்யக்கூடும் என்பது 2015-இல் கண்டறியப்பட்டது. அத்தகையவற்றுள் சில, மீன் வளர்ப்புப் பண்ணையொன்றின் வடிகட்டியிலேயே கிடைத்தன என்பது குறிப்பிடத்தக்கது. அம்மோனியா செவுளை எரிக்கும். நைட்ரைட்டு இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். நைட்ரேட்டோ அவ்விரண்டினும் மிகக் குறைந்த தீங்குடையது.

அம்மோனியாவின் நச்சுத்தன்மை நீரின் அமில கார நிலையைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். எண் 7 ஆக உள்ள நீரில் அம்மோனியாவின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதியே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆயின் ஐந்து பங்குக்கு மேலும், 8.5 ஆயின் ஏறத்தாழ 15 பங்கும் நச்சாகின்றன. காரநீர் மிகுந்த ஹைதராபாத்தில் வடிகட்டியில் சிறு குறை ஏற்படினும் மீன் விரைவில் இறப்பதன் காரணம் இதுவே. சிக்லிட் மீனுக்கு உகந்த அந்த நீரே, கவனம் தவறினால் அதற்குக் கூற்றாகவும் ஆகிறது.

கழிவின் கணக்கு

ஒரு தொட்டியில் உண்டாகும் அம்மோனியாவின் அளவை மீனின் எண்ணிக்கையால் அன்றி, இடப்படும் உணவினால் அளப்பதே மீன்வளப் பொறியாளரின் முறை. நாளொன்றுக்கு 10 கிராம் உணவு இடப்படுவதாகவும், அதில் நூற்றுக்கு 40 பங்கு புரதம் உள்ளதாகவும் கொள்வோம். அதிலிருந்து நாள்தோறும் சற்றேறக்குறைய 0.37 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளிப்படும். 600 லிட்டர் நீரில் இது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். வடிகட்டியே இல்லாவிடின் நான்கைந்து நாட்களில் மீன்கள் பேராபத்தில் சிக்கும் என்பது வெளிப்படை.

நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்வதைவிட ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்கு 0.1 கிராம் நைட்ரஜனை மாற்றும் என்று தாழ்வாகவே மதிப்பிடலாம். அங்ஙனமாயின் நம் தொட்டிக்கு வேண்டிய பரப்பு நான்கு சதுர மீட்டருக்கும் குறைவு. 20 மில்லிமீட்டர் கருங்கற் சல்லி ஒரு கன மீட்டரில் 150 சதுர மீட்டர் அளவு பரப்பு உண்டு. ஆதலின் 25 லிட்டர் சல்லி போதும். உணவு மிகும் நாட்களையும் ஒரு பகுதி அடைபடுவதையும் கருதி இருமடங்காகக் கொள்வது நலம். இதே பரப்பு, கண்ணறைகள் மிகுந்த ஸ்பாஞ்சிலும் வளையம் போன்ற பீங்கான் துண்டுகளிலும் இன்னும் சிறிய இடத்தில் அடங்கும். பாத்திரம் துலக்கும் பிளாஸ்டிக் நாரும் இவ்வேலையை நன்றாகவே செய்யும். விலையுயர்ந்த பொருளுக்காகப் பெரும்பணம் செலவிடுவது கட்டாயம் அன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

எவ்வகை வடிகட்டி?

மணலுக்கடியில் துளைத்தட்டு வைத்து நீரை மணல் வழியே இழுக்கும் முறை முன்னர் பெரிதும் வழக்கில் இருந்தது. மணலைத் தோண்டும் சிக்லிட் மீனுக்கு அது பொருந்தாது. தோண்டிய குழியின் வழியே நீர் முழுவதும் பாய்ந்துவிட, எஞ்சிய மணல் பயனற்றுப் போகும். மூடிய உருளையில் நீரைச் செலுத்தும் கேனிஸ்டர் வடிகட்டி இடத்தை அடைக்காதது, ஓசையற்றது. ஆயினும் பெரிய தொட்டிக்கு மிக ஏற்றது, தாங்கியின் உள்ளே வைக்கப்படும் அடித்தொட்டி முறையே ஆகும்.

இம்முறையில் மேல்தொட்டியின் ஓரத்தில் அமைந்த மடை வழியே நீர் தானே வழிந்து கீழிறங்குகிறது. முதற் பிரிவில் தடித்த பஞ்சும் ஸ்பாஞ்சும் கசடைத் தடுக்கின்றன. இரண்டாம் பிரிவில் சல்லி அல்லது பீங்கான் துண்டுகளிடையே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. மூன்றாம் பிரிவிலுள்ள பம்பு நீரை மீண்டும் மேலே ஏற்றுகிறது. கசடு முதலிலேயே தடுக்கப்பட வேண்டும் என்பது முக்கியம். இல்லையேல் நுண்ணுயிர்கள் வாழும் பரப்பு சேற்றால் மூடப்படும். மணிக்கு நான்கு முதல் ஆறு தடவை நீர் முழுவதும் சுழல்வது பொதுவான அளவு. 600 லிட்டருக்கு மணிக்கு 3,000 லிட்டர் என்று கொள்ளலாம். பம்பின் பெட்டியில் அச்சிட்ட அளவு, உயரமே ஏற்றாத நிலையில் காணும் அளவாகும். நான்கடி உயரம் ஏற்றும்போது அது வெகுவாகக் குறையும். வாங்கும்போது இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

மின்சாரம் நின்றவுடன் மடையின் மட்டத்திற்கு மேலுள்ள நீர் முழுவதும் கீழே வந்துவிடும். மேல்தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது 28 லிட்டர். மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உயரமும் உள்ள அடித்தொட்டியின் கொள்ளளவு 190 லிட்டர். அதனை மூன்றில் இரண்டு பங்கே நிரப்பி ஓட்டினால் 60 லிட்டருக்கு இடம் எஞ்சும். நீர் ஏற்றும் குழாயின் வாய்ப்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை இடுவதும் அவசியம். பம்பு நின்றதும் அத்துளை வழியே காற்று நுழைந்து, நீர் பின்னோக்கி இழுபடுவதை அறுத்துவிடும். தொட்டி அமைத்த அன்றே மின்விசையை வேண்டுமென்றே நிறுத்தி, கீழே நீர் வழிகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

கரி முதலிய இரசாயன வடிகட்டிகள் மருந்தையும் நிறத்தையும் அகற்ற உதவுவன. அன்றாடத் தேவை அல்ல.

மின்சாரம் தடைப்படும்போது

ஹைதராபாத் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெப்பம் மிகுந்தாலும் உயரம் மிகுந்தாலும் நீரில் கரையும் பிராணவாயு குறையும். இங்கு 30 டிகிரி வெப்பமுள்ள நீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவே அது கரைந்து நிற்கும். 600 லிட்டரில் மொத்தம் 4.2 கிராம். மொத்தம் ஒரு கிலோ எடையுள்ள மீன்கள் மணிக்குக் கால் கிராம் அளவு சுவாசிக்கும் எனக் கொண்டால், நெரிசல் இல்லாத பெரிய தொட்டியில் மீன்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

வடிகட்டியின் நிலை வேறு. முன் கூறிய 0.37 கிராம் நைட்ரஜனை மாற்ற நுண்ணுயிர்களுக்கு நாளொன்றுக்கு 1.7 கிராம் பிராணவாயு வேண்டும். அதாவது மணிக்கு 70 மில்லிகிராம். 10 லிட்டர் நீர் கொண்ட மூடிய கேனிஸ்டரில் அடங்கியிருக்கும் பிராணவாயுவோ 70 மில்லிகிராமே. பம்பு நின்ற ஒரு மணி நேரத்திற்குள் அது தீர்ந்துவிடக்கூடும். நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். பல மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்தடைக்குப் பின்னர் மீன்கள் இறப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. அத்தகைய நிலையில் கேனிஸ்டரைத் திறந்து, நீரைக் கொட்டிக் கழுவிய பின்னரே இயக்க வேண்டும். திறந்த அடித்தொட்டியில் இந்த ஆபத்து குறைவு. பாட்டரியால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று எவ்வகைத் தொட்டிக்கும் இருத்தல் நன்று. வீட்டில் இன்வர்ட்டர் உண்டாயின் பெரிய பம்பை விடுத்துக் காற்றுப் பம்பை மட்டும் அதனுடன் இணைத்தால் நெடுநேரம் ஓடும்.

மின்கம்பிகள் தொட்டியிலிருந்து நேரே சாக்கெட்டுக்குச் செல்லாமல், கீழ்நோக்கித் தொங்கி வளைந்து மேலேற வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிற்கே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும், சரியான பூமி இணைப்பும் இல்லாமல் நீரினுள் மின்கருவி எதனையும் வைத்தலாகாது. தொட்டிக்குள் கையை விடுமுன் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும்.

வெப்பம்

மே மாதத்தில் இந்நகரின் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டும். குளிர்கால இரவுகளில் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சிக்லிட் மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை ஏற்றது. 600 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த, 400 வாட் ஹீட்டர் ஒன்றேமுக்கால் மணி நேரம் எரிய வேண்டும். 400 வாட்டில் ஒன்று வாங்குவதினும் 200 வாட்டில் இரண்டு வாங்குதல் சிறந்தது. ஒன்று பழுதாகி அணையாது எரியினும் நீர் மெல்லவே சூடேறும். ஒன்று எரியாது போயினும் மற்றது காக்கும்.

கோடையில் நீரைக் குளிர்விக்க எளிய வழி ஆவியாதலே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 600 லிட்டர் நீரை ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்விக்கப் போதுமானது. ஏப்ரல், மே மாதங்களில் இந்நகரின் காற்று உலர்ந்திருப்பதால், நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிடுதலே நல்ல பயன் தரும். ஆவியாகும் நீர் தாதுப்பொருளை விட்டுச் செல்வதால், ஈடு செய்வதற்கு மட்டும் இயந்திரத்தில் சுத்தம் செய்த மென்னீரை ஊற்றலாம்.

முதல் ஆறு வாரங்கள்

வடிகட்டியை இயக்கிய அன்றே நுண்ணுயிர்கள் தோன்றிவிடுவதில்லை. அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இக்காலத்தில் மீன் விடாமல், அம்மோனியம் குளோரைடைச் சிறு அளவில் இட்டு, லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அம்மோனியா இருக்குமாறு செய்து, சோதனை மருந்தால் நாள்தோறும் அளந்து வர வேண்டும். முதலில் அம்மோனியா நிற்கும். பின் அது குறைந்து நைட்ரைட்டு ஏறும். அதுவும் குறைந்து நைட்ரேட்டு மட்டும் தோன்றும். இட்ட அம்மோனியா ஒரே நாளில் முற்றும் மறையுமானால் தொட்டி மீனுக்கு ஆயத்தமாயிற்று என்று பொருள். ஏற்கெனவே நன்றாக நடைபெறும் தொட்டியின் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வாங்கி இடுவது இக்காலத்தைக் குறைக்கும். பின்னரும் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

வாரந்தோறும் நீர் மாற்றுதல்

நைட்ரேட்டை நம் வடிகட்டி அகற்றுவதில்லை. முன் கூறிய உணவினால் வாரத்திற்கு லிட்டருக்கு 19 மில்லிகிராம் நைட்ரேட்டு சேரும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால், அது நாளடைவில் 38-க்கும் 57-க்கும் இடையே ஏறியிறங்கி நிலைபெறும். பாதி நீரை மாற்றினால் 19-க்கும் 38-க்கும் இடையே நிற்கும். கிணற்று நீரிலேயே நைட்ரேட்டு இருக்குமாயின் அதனையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நீர் அரிதாயுள்ள நகரில் வாரம் 300 லிட்டரை மாற்ற இயலாதவர் உணவையும் மீனின் எண்ணிக்கையையும் குறைப்பதே நேர்மையான வழி. வெளியேற்றும் நீரைச் சாக்கடையில் விடாமல் செடிகளுக்கு ஊற்றலாம். மீனுக்கு வேண்டாத நைட்ரேட்டு செடிக்கு உரமாகும்.

புது நீரிலுள்ள குளோரினை நீக்க, முன்னர்ப் புகைப்படம் கழுவுவோர் ஹைப்போ என வழங்கிய சோடியம் தயோசல்பேட்டு உதவும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் படிகம் தாராளம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள 200 லிட்டர் நீருக்கு ஒன்றரை கிராம் போதும். குளோரின் மட்டும் கலந்த நீராயின் ஒரு நாள் முழுவதும் காற்றுப் பம்பு ஓடவிட்டு வைத்திருத்தலும் பயன்தரும்.

எத்தனை மீன்கள்?

இவ்வளவு பெரிய தொட்டியில் ஆறு அல்லது எட்டுக் கரிமீன்களும் பத்துப் பல்லத்திகளும் வாழ இடம் உண்டு. மலாவி ஏரியின் சிறு மீன்களாயின் இருபத்தைந்து வரை வளர்க்கலாம். பாறைக் குகைகள் பல அமைத்தல் வேண்டும். ஆஸ்கார் மீன் 30 செண்டிமீட்டர் வரை வளர்வது. மூன்றங்குலக் குஞ்சாகக் கடையில் இருக்கையில் அதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். வளர்ந்த ஆஸ்காரில் இரண்டே இத்தொட்டிக்கு அளவாகும். கரிமீன் மென்மையான நீர்ச்செடிகளைத் தின்றுவிடும். ஆதலின் செடிகளின்றிப் பாறையும் மரக்கட்டையும் கொண்டே தொட்டியை அழகு செய்யலாம்.

ஏரியில் விடலாகாது

தொட்டிக்குள் அடங்காது வளர்ந்த மீனையும், சண்டையிடும் மீனையும் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுவது கருணைச் செயல் என்று சிலர் எண்ணுகின்றனர். அதன் விளைவு கருணைக்கு மாறானது. உணவுக்காக 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியா, நாட்டின் குளங்களிலும் ஆறுகளிலும் பரவி உள்நாட்டு மீன்களின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. கண்ணாடியைத் துலக்குவதற்கெனத் தொட்டிகளில் வளர்க்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் இன்று தென்னிந்திய நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. ஒருமுறை பரவிய இனத்தைத் திரும்பப் பிடித்து ஒழிப்பது பெரும்பாலும் இயலாத காரியம். வேண்டாத மீனை விற்றவரிடமே திருப்பித் தருவதும், வேறொரு வளர்ப்பவரிடம் ஒப்படைப்பதும் உரிய வழிகள். அதற்கு வழி உண்டா என்பதை மீன் வாங்குமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

ஆற்றிலும் ஏரியிலும் வாழும் மீனுக்கு நீரைத் தூய்மை செய்யவும், குளிரச் செய்யவும், பிராணவாயுவைக் கலக்கவும் இயற்கை இருக்கிறது. தொட்டியில் வாழும் மீனுக்கு அவ்வேலைகள் அனைத்தையும் செய்ய வேண்டியவர் அதனை வாங்கி வந்தவரே. தளம் தாங்குமா, நீர் பொருந்துமா, வாரந்தோறும் மாற்ற நீர் கிடைக்குமா, மின்சாரம் நின்றால் என் செய்வது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னர் வாங்கும் தொட்டி நெடுநாள் நிலைக்கும். அதில் ஒரு சோடி பல்லத்திகள் முட்டையிட்டு, குஞ்சுகள் பெற்றோரின் மேனியைக் கொத்தி உண்டு வளர்வதை வீட்டுச் சிறுவர்கள் நேரிற் காண்பார்களாயின், அது நூல்களில் மட்டும் படித்துப் பெறுதற்கரிய விஞ்ஞானப் பாடமாக அமையும்.